இரட்டை செல் சிபி ஸ்டாப் புரோப்: ஒரு சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு

ஸ்டாப் புரோப் என்பது கடலுக்குள் இருக்கும் இரும்பில் குத்தி, அதைத் துருவிலிருந்து காக்கிற கேத்தோடு பாதுகாப்பு (சிபி) வேலை செய்கிறதா என்று மின்னழுத்தத்தை அளந்து பார்க்கிற கருவி. இதை வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, வயரில் கட்டிக் கடலில் இறக்குகிற பழைய டிராப் செல்லையே வைத்து ஓட்டிவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ரெஃபரன்ஸ் செல் (ஒப்பிட்டு அளக்க உதவும் செல்) உள்ள ஸ்டாப் புரோப் கிடைத்தால் தாராளமாக எடுங்கள், ஆனால் பெட்டியில் வருவதை மட்டும் நம்பிக் கப்பலேறாதீர்கள். மும்பைக்கு அப்பால் கடலில் மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம், ஜாக்கெட் (பிளாட்ஃபார்மைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) இன்ஸ்பெக்‌ஷன் சீசன் முழுக்க, அதாவது மழை ஓய்ந்து கடல் அடங்கியதிலிருந்து அது மறுபடி கிளம்பும் வரைக்கும், எங்கள் டைவிங் டீம் இதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியது. நான் தண்ணீருக்குள் போகிறவன் இல்லை. மேலே டைவ் கண்ட்ரோலில் உட்கார்ந்து ரீடிங்கை எழுதி, சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை குத்தச் சொல்லி, கடைசியில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவன். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறைகளில் எது தயாரித்தவருடையது, எது வாடகைக்குக் கொடுத்தவருடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. கடல்நீரில் சும்மா கிடக்கும் இரும்பைச் சில்வர் குளோரைடு செல்லோடு ஒப்பிட்டு அளந்தால் மைனஸ் 600, 650 மில்லிவோல்ட் என்று காட்டும், அதாவது துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் ஜாக்கெட்டின் கால்களிலும், அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாய்களான பிரேஸ்களிலும் அலுமினிய ஆனோடுகளை வெல்டு செய்து இறக்குகிறார்கள். இரும்புக்குப் பதிலாக அவை கரைகின்றன, அந்தக் கரண்ட் இரும்பின் மின்னழுத்தத்தை மைனஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. மைனஸ் 800 அல்லது அதற்கும் கீழே போய்விட்டால் பாதுகாப்பில் இருக்கிறது என்பது கணக்கு, டிஎன்வி என்ற தரநிர்ணய நிறுவனத்தின் பி401 வழிகாட்டி சொல்வதும் அதையே. நன்றாக இருக்கிற ஜாக்கெட்டில் பெரும்பாலும் 900க்கும் 1050க்கும் நடுவில் பார்க்கலாம். ஆனோடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எது விழுந்துவிட்டது என்பதைக் கேமராவே காட்டிவிடும், ஆனால் அந்த ஆனோடு கொடுக்கிற கரண்ட் எதிரில் இருக்கும் நோடுக்கு (குழாய்கள் சேரும் மூட்டு) போய்ச் சேருகிறதா என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. அதற்கு மில்லிவோல்ட்தான் ஒரே சாட்சி.

அந்த மில்லிவோல்டை எடுக்க மலிவான வழி டிராப் செல். மேலே பிளாட்ஃபார்மில் ஒரு இடத்தைச் சுரண்டி மல்டிமீட்டரின் ஒரு வயரை மாட்டு, இன்னொரு வயரில் சில்வர் குளோரைடு செல்லைக் கட்டிக் கடலில் இறக்கு, அவ்வளவுதான். பத்து மெகாஓம் உள்ளெதிர்ப்பு உள்ள சாதாரண மீட்டரே போதும், டைவரே வேண்டாம். இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு, நான் பேச மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை மொத்த ஜாக்கெட்டின் போக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க அது நல்ல முறை. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அது இந்த சீசனில்தான் எங்கள் கண் எதிரே வந்தது.

ஒரு பிரேஸில், ஜாக்கெட் போட்டுப் பல வருஷம் கழித்துப் பின்னாளில் மாட்டிய கிளாம்ப் ஒன்று இருந்தது. உள்ளே நியோப்ரீன் ரப்பர் லைனிங், நாலு போல்ட், பிரேஸோடு மின்தொடர்பு கொடுக்க ஒரு கன்டினியூட்டி ஸ்ட்ராப். எங்கள் டைவர், தூத்துக்குடிப் பையன், பிரேஸில் குத்தினான், மைனஸ் 968. ஒரு சாண் தள்ளி கிளாம்பின் போல்ட் தலையில் குத்தினான், மைனஸ் 655. "அண்ணே, காண்டாக்ட் நல்லாத்தான் இருக்கு, திருகித் திருகிப் பாத்துட்டேன், நம்பர் அசையல" என்றான். சுற்றியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிட்டுப் பார்த்தால் ஸ்ட்ராப்பின் ஒரு முனை அறுந்து தொங்குகிறது. ரப்பர் நடுவில் இருப்பதால் கிளாம்புக்கும் பிரேஸுக்கும் தொடர்பே இல்லை. ஜாக்கெட் முழுக்க ஆனோடு பூட்டியிருந்தும் அந்தக் கிளாம்ப் மட்டும் அநாதையாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. போல்டின் தலையோரம் ஏற்கனவே தின்னத் தொடங்கியிருந்தது.

இதை டிராப் செல் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அதன் ஒரு வயர் மேலே ஜாக்கெட்டில்தான் மாட்டியிருக்கிறது, செல்லை நீங்கள் கிளாம்பின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினாலும் அது அளப்பது ஜாக்கெட்டை, கிளாம்பை அல்ல. அங்கேயும் அழகாக 960 சொச்சம் காட்டும், நாமும் சந்தோஷமாக எழுதிவைப்போம். தொட்டுக் குத்துகிற புரோப் ஒன்றுதான் தொட்ட பொருளின் கதையைச் சொல்லும். பி401 இந்த மாதிரி இணைப்புகளின் மின்தடை 0.1 ஓமுக்கு மேலே போகக்கூடாது என்று கேட்பதற்குக் காரணமும் இதுவே. சப்ஸீ மரங்களில் (கடலடிக் கிணற்றின் தலையில் இருக்கும் வால்வுத் தொகுப்பு), வால்வுகளில், பெயின்ட்டும் பூச்சும் போட்ட போல்டுகள் உள்ள எந்த இடத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. (புது ஸ்ட்ராப் போட்டதும் ரீடிங் மைனஸ் பக்கம் நகர ஆரம்பித்தது, மறுநாள் 900ஐத் தாண்டியிருந்தது.)

சரி, கருவிக்கு வருவோம். துப்பாக்கி வடிவம், முன்னால் கூரான உலோக முனை, முனைக்குப் பக்கத்தில் துளை போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு சில்வர் குளோரைடு செல். பின்பக்கம் டைவர் பார்க்க ஒரு டிஸ்ப்ளே, அம்பிளிகலோடு (டைவருக்குக் காற்றும் தொடர்பும் கொண்டுபோகும் குழாய்க் கட்டு) சேர்த்துக் கட்டி மேலே வருகிற கேபிளில் எனக்கு ஒரு டிஸ்ப்ளே. எனக்கு வருகிற பெட்டியில் முதல் செல்லின் எண், இரண்டாவது செல்லின் எண் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. சராசரி எடுத்து ஒரே எண்ணாகக் காட்டுகிற மாடல் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டு செல் வைத்ததன் பயனே போய்விடும்.

ஏன் இரண்டு? ரெஃபரன்ஸ் செல் என்பது எடைக்கல் மாதிரி. கல் தேய்ந்திருந்தால் கடைக்காரர் எவ்வளவு நேர்மையாக நிறுத்தாலும் எடை தப்புத்தான், வாங்குகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. செல்லின் மேல் எண்ணெய்ப் படலம் ஒட்டினாலும், உள்ளே காற்றுக்குமிழி நின்றாலும், காய்ந்து கிடந்து பூச்சு உதிர்ந்தாலும் அது நாற்பது ஐம்பது மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். இதில் மோசம் என்னவென்றால் எல்லா ரீடிங்கும் ஒரே அளவு நகரும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் எண்கள் வழுவழுவென்று ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கும், எதுவும் உறுத்தாது. உண்மையில் மைனஸ் 780இல் இருக்கிற நோடு 820 என்று பாஸாகிவிடும். இரண்டு செல் இருந்தால் ஒன்று நகர்ந்தவுடனே இரண்டு எண்ணும் பிரிய ஆரம்பிக்கும். எங்கள் டீமில் பத்து மில்லிவோல்டுக்கு மேல் பிரிந்தால் டைவர் மேலே வந்தே ஆக வேண்டும் என்று வைத்திருந்தோம். சீசன் நடுவில் அப்படி ஒரு தடவை இரண்டாவது செல் விலகிக்கொண்டே போனது, புரோப்பைக் கழற்றிப் பார்த்தால் உறைக்குள் கிரீஸ். டூல் பாஸ்கெட்டில் கூடவே போன ஷாக்கிள்களின் கிரீஸ்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு செல் இருக்கிறதே என்று முழுக்க நிம்மதியாகவும் இருக்க முடியாது. இரண்டுக்கும் முனை ஒன்றுதான், அதனால் முனை உலோகத்தைச் சரியாகத் தொடாவிட்டால் இரண்டும் ஒற்றுமையாகப் பொய் சொல்லும். நன்றாகப் பாதுகாப்பில் இருக்கிற இரும்பின்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவம் கட்டியிருக்கும், கால்சியம் கார்பனேட்டும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தது. அது நல்ல அறிகுறி, இரும்பு கேட்கிற கரண்டையே அது குறைத்துவிடுகிறது. பி401-இன் கணக்கில் வெப்பமண்டலக் கடலில் முப்பது மீட்டர் ஆழம் வரைக்கும் ஆரம்பத்தில் சதுர மீட்டருக்கு 0.150 ஆம்பியர், பிறகு சராசரியாக 0.070 போதும் என்று பாதிக்கும் கீழே இறங்குவதில் இந்தப் படிவத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் புரோப் முனைக்கு அது எதிரி. டைவர் முனையை அழுத்தி, மணிக்கட்டைத் திருப்பி, வெள்ளைப் பொடி உதிர்ந்து இரும்பைத் தொடுகிற வரைக்கும் எண் அங்குமிங்கும் குதிக்கும், தொட்டவுடன் சட்டென்று நின்றுவிடும். அந்த நிற்பது வரும்வரை நான் பேனாவைத் தொடுவதில்லை. இந்தக் கருவியின் முனை இதற்கு நல்ல முனை, கடினமான உலோகம், சீசன் முடியும்போதும் கூர் அப்படியே இருந்தது. மழுங்கினாலும் கடலிலேயே மாற்றக்கூடிய மாதிரி திருகாணியில் இருக்கிறது.

இரண்டு செல்லும் சேர்ந்தே கிழடு தட்டினாலும் ஒத்துத்தான் போகும், அதைப் பிடிக்க ஜிங்க் பிளாக் வேண்டும். டைவுக்கு முன்னால் பிளாஸ்டிக் வாளியில் புதிதாக மொண்ட கடல்நீர் (டெக்கைக் கழுவின தண்ணீர் இல்லை), அதில் புரோப்பைக் குறைந்தது அரை மணி நேரம் ஊறவிட்டு, சுத்தமான ஜிங்க் துண்டைக் குத்தினால் மைனஸ் 1030 சுற்றுவட்டாரத்தில் வர வேண்டும். டைவ் முடிந்து வந்ததும் மறுபடி அதே சோதனை, ஏனென்றால் போகும்போது சரியாக இருந்தது வரும்போதும் சரியாக இருந்தால்தான் நடுவில் எடுத்தது செல்லும். கூடவே ஒரு கலோமெல் செல் (பாதரசம் வைத்த இன்னொரு வகை ரெஃபரன்ஸ் செல்) இருந்தால் இரண்டு சில்வர் செல்லையும் அதோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுவிடலாம், கடல்நீரில் சில மில்லிவோல்டுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. எனக்கு எரிச்சல் இங்கேதான். இவ்வளவு விலை உயர்ந்த கருவிப் பெட்டியில் ஜிங்க் பிளாக் என்று வந்தது கட்டை விரல் அளவு, வெள்ளைப் படலம் பிடித்த, எந்தச் சான்றிதழும் இல்லாத ஒரு துண்டு. கலோமெல் இல்லவே இல்லை, கேட்டால் தனி வாடகை. கேலிப்ரேஷன் சர்ட்டிஃபிகேட் மட்டும் பளபளவென்று லேமினேட் செய்து வைத்திருந்தார்கள், அதில் இருந்தது மீட்டரின் வோல்டேஜ் கேலிப்ரேஷன், செல்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கிளையண்ட் பிரதிநிதி அந்தத் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் மும்பையிலிருந்து அடுத்த கப்பலில் நல்ல ஜிங்க்கும் கலோமெல்லும் வரவழைத்த பிறகுதான் முதல் ரீடிங்கை எழுதினேன்.

கனெக்டர் அடுத்த தலைவலி. கேபிள் துப்பாக்கியின் பின்பக்கம் நேராக வெளியே வருகிறது, அது வளையாமல் தாங்க ஒரு ரப்பர் மூக்கு, அந்த மூக்கு ரொம்பக் குட்டை. டைவர் ஒரு மூலையில் கையை மடக்கும்போதெல்லாம் வளைவு முழுவதும் அந்த ஒரே இடத்தில்தான் விழுகிறது. சீசன் பாதியில் உள்ளே தண்ணீர் புகுந்து மேல் டிஸ்ப்ளே எண்கள் ஆட ஆரம்பித்தன, டைவரின் டிஸ்ப்ளே மட்டும் சரியாக இருந்தது. ஸ்பேர் கேபிள் கேட்டால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும். அதுவரை டைவர் எண்ணை வாயால் சொல்ல, கேமராவைக் கருவியின் திரைக்குத் திருப்பி, நான் வீடியோவில் பார்த்து எழுதினேன். வேலை நின்றுவிடவில்லை என்பது அந்தத் தனி டிஸ்ப்ளேயின் புண்ணியம். ஒரு நாள் கப்பல் வாடகைக்கு முன்னால் இந்த மாதிரி கேபிளின் விலை ஒன்றுமே இல்லை, ஆகவே ஆர்டர் போடும்போதே இரண்டாவது கேபிளைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மேல் பெட்டியின் திரை வெயிலில் சுத்தமாகத் தெரியாது, கண்டெய்னருக்குள் வைத்தால் பிரச்சினை இல்லை. டேட்டாவைப் பதிவு செய்கிற மென்பொருளும் வந்தது, அதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. நாங்கள் எக்செல்லில் எழுதிக்கொண்டோம்.

கருவியோடு சம்பந்தமில்லாத ஆனால் ரீடிங்கைக் கெடுக்கிற விஷயம் ஒன்று. டைவிங் கப்பலுக்கே ஐசிசிபி இருக்கும், தன் அடிப்பாகத்தைக் காப்பாற்ற வெளியிலிருந்து கரண்ட் விடுகிற அமைப்பு. அது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் எண்கள் நகரும், இரண்டு செல்லும் சேர்ந்தே நகரும். டைவருக்கும் அது நல்லதல்ல என்பதால் டைவ் சமயத்தில் எப்படியும் அதை நிறுத்தித்தான் ஆக வேண்டும், ஆனால் நிறுத்தியாயிற்றா என்று சீஃப் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நல்ல மனிதர்கள்தான், என்ஜின் ரூமில் ஆயிரம் வேலையில் மறந்துவிடுவார்கள்.

இன்னொரு சின்ன கணக்கு புதியவர்களுக்கு உதவும். அலுமினிய ஆனோடே மைனஸ் 1050 பக்கம்தான் வேலை செய்கிறது, அதைவிட அதிகமாக மைனஸுக்கு இரும்பை அதனால் இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே வெறும் ஆனோடு மட்டும் உள்ள ஜாக்கெட்டில் யாராவது மைனஸ் 1180 என்று எழுதியிருந்தால் ஆஹா நல்ல பாதுகாப்பு என்று சந்தோஷப்படாதீர்கள், கருவியையோ பக்கத்தில் நிற்கும் கப்பலையோ பாருங்கள். அதிக மைனஸ் எல்லாருக்கும் நல்லதும் அல்ல. கேத்தோடு பாதுகாப்பு இரும்பின் மேற்பரப்பில் ஹைட்ரஜனை உண்டாக்குகிறது, சாதாரண ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல் அதைத் தாங்கிக்கொள்ளும், டூப்ளெக்ஸ் ஸ்டீலும் (துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை) ரொம்பக் கடினமான போல்டுகளும் தாங்காது. ஷெட்லாண்டுக்கு மேற்கே ஃபோய்னாவன் எண்ணெய் வயலில் 90களில் சூப்பர் டூப்ளெக்ஸ் பாகங்கள் விரிசல் விட்டது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் டிஎன்வி டூப்ளெக்ஸுக்கென்று எஃப்112 என்று தனி வழிகாட்டியே போட்டது. அதனால் ரீடிங் ஷீட்டில் எந்த உலோகத்தில் குத்தினோம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விடக்கூடாது.

இதெல்லாம் நேற்றைய சங்கதி இல்லை. ஹம்ஃப்ரி டேவி 1824இலேயே கப்பலின் செம்புத் தகட்டில் இரும்பை ஒட்டிச் செம்பு அரிப்பதை நிறுத்திக் காட்டினார், சாமராங் என்ற போர்க்கப்பலில் ஓட்டியும் பார்த்தார்கள். செம்பு பிழைத்தது. ஆனால் கரைகிற செம்புதான் பாசியையும் சிப்பியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது, அது கரைவது நின்றதும் அவை மொய்த்துக் கப்பலின் வேகமே போய்விட்டது. நம் ஊரில் கடல் எட்டாத காரைக்குடியில் 1953 முதல் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, கடல் அரிமானம் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் முதலில் தட்டவேண்டிய கதவு அதுதான்.

சந்தையில் வேறு என்ன இருக்கிறது என்றால், கேபிளே இல்லாமல் டைவர் கையில் பிடிக்கும் தனிக்கருவி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இங்கிலாந்து பக்லீஸின் பாத்திகொரோமீட்டர், ஆர்ஓவி (மேலிருந்து இயக்குகிற, ஆளில்லா நீரடி இயந்திரம்) ஆட்களைக் கேட்டால் போலாட்ராக் என்பார்கள். மும்பை ஹையில் ஆழம் சுமார் 75 மீட்டர், ஏர் டைவிங் 50 மீட்டரோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே சாச்சுரேஷன் டைவிங் (டைவர்கள் நாள்கணக்கில் அழுத்த அறையிலேயே தங்கி இறங்குவது) அல்லது ஆர்ஓவி. ஆர்ஓவியில் இதே இரட்டை செல் புரோப்பை மேனிப்புலேட்டர் கையில் கொடுக்கலாம், ஆனால் ஆர்ஓவிக்கு மணிக்கட்டைத் திருகிக் குத்துகிற நயம் வராது, நீரோட்டம் இழுக்கிற நாளில் ஒரு நல்ல காண்டாக்டுக்காகப் பைலட் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மண்ணுக்குள் புதைந்த பைப்லைன் என்றால் குத்தவே முடியாது, அங்கே தண்ணீரில் ஓடும் மின்புலத்தை அளக்கிற ஃபீல்டு கிரேடியன்ட் சென்சார்தான் வழி. ஃபோர்ஸ் டெக்னாலஜியின் ஃபிக்ஸ் அந்த வகை. ஆனோடு கொடுக்கிற கரண்டையே கணக்குப் போட்டு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்கிற அளவுக்கு அது போகிறது, நம்முடைய ஸ்டாப் புரோப் அந்த வேலைக்கு ஆகாது. மில்லிவோல்ட் இன்றைய நிலையைத்தான் சொல்லும். ஆனோடு முக்கால்வாசி தேய்கிற வரைக்கும் ஜாக்கெட் ஜம்மென்று 950 காட்டிக்கொண்டிருக்கும், ஆகவே ஆனோடின் நீள அகலத்தையும் டேப் வைத்து அளந்து எழுதாமல் வெறும் சிபி ரீடிங்கை மட்டும் கொடுக்கிற சர்வே பாதி சர்வேதான்.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஆர்டரில் எழுதிக் கேட்க வேண்டியவை: இரண்டு செல்லுக்கும் தனித்தனி எண், செல்களைக் கலோமெல்லோடு ஒப்பிட்ட தேதி போட்ட தாள், சான்றிதழோடு ஜிங்க் பிளாக், கலோமெல் செல், ஸ்பேர் கேபிள், ஸ்பேர் முனை. இது இத்தனையும் தருகிறவர் கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். எங்களுக்குக் கொடுத்தவரிடம் அடுத்த சீசனுக்கும் இதே கருவியைத்தான் கேட்டிருக்கிறேன், கேபிள் மூக்கை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

ஜெட்டி, துறைமுக வேலை மட்டும் செய்கிறவர்களுக்கு இந்தக் கருவி தேவைதானா என்று ஒரு தடவை யோசியுங்கள். ஆற்று முகத்துவாரத்தில், வெள்ளக் காலத்தில் நன்னீர் கலக்கிற இடத்தில் இந்தத் திறந்த செல் சரிப்படாது. தண்ணீரில் குளோரைடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் செல்லே ஐம்பத்தொன்பது மில்லிவோல்ட் சுமார் நகர்ந்துவிடும், இரண்டும் ஒற்றுமையாக நகரும், ஜிங்க்கை வேறு கடல்நீரில் வைத்துச் சோதித்திருந்தால் அதிலும் தெரியாது. அங்கே பொட்டாசியம் குளோரைடு ஜெல் அடைத்து மூடிய செல் உள்ளதை வாங்குங்கள்.